பதினொரு மணிக்கு மேல்

மாட்டுங்காவில் எங்கள் காப்பிப் பொடிக் கடைக்கு வருகிறவர்கள் என்ன வேண்டும் என்று சொல்வதில்லை. "அரைக் கிலோ" என்பார்கள், அவ்வளவுதான். பீபெரிக் கொட்டை எவ்வளவு, பிளாண்டேஷன் கொட்டை எவ்வளவு, சிக்கரி சேர்க்கலாமா கூடாதா, எவ்வளவு நைசாக அரைக்க வேண்டும், எல்லாம் நான் முகத்தைப் பார்த்துப் போட வேண்டியது. கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்ததிலிருந்து இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் போட்டேன். முந்நூறு வீடாவது இருக்கும். ஒரு வரி எழுதி வைத்ததில்லை. எழுதி வை என்று என் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு தரம் சொல்வார். மறக்கிறவர்கள் எழுதி வைக்கட்டும் என்று நானும் வருஷத்துக்கு ஒரு தரம் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்பட வேண்டாம்.

அடிபட்டது ஒரு ஆகஸ்ட் மாத மத்தியானம். ஒன்றரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிடப் போவது வழக்கம். அன்றைக்கு மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையை உள்ளே விட்டுவிட்டேன் என்று குனிந்து திரும்ப உள்ளே போனேன். எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது ஒரு அடி முன்னாலேயே நிமிர்ந்துவிட்டேன். ஷட்டரின் இரும்பு விளிம்பு உச்சந்தலையில் இடித்தது. தினமும் குனிந்து நுழைகிற இடம்தான். யாரும் பார்த்தார்களா என்று முதலில் தெருவைப் பார்த்தேன், பிறகுதான் தலையைத் தடவினேன். ரத்தம் ஒரு சொட்டு இல்லை. சாப்பிட்டுவிட்டு நாலரைக்கு வந்து கடையும் திறந்தேன்.

ஆறு மணிக்கு வாந்தி எடுத்தேன். அரைக்கிற மிஷினைப் பார்த்துக்கொள்பவர் ஆண்டாப் ஹில்லிலிருந்து வருகிற மனிதர், பதினெட்டு வருஷமாக எங்களோடு இருப்பவர். அவர்தான் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். படத்தில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டதே எனக்கு வினையாகப் போயிற்று. பிறகு வந்த தலைவலிக்கும், வெளிச்சம் பட்டால் கண்ணைக் குத்துவதற்கும், குக்கர் விசில் அடித்தால் அழுகை வருவதற்கும் என்னிடம் ஒரு சாட்சியும் இல்லை.

என் வீட்டுக்காரர் சாட்சி கேட்கவில்லை. ஆபீசுக்குப் போகிறதற்கு முன்னால் திறந்த பானையில் சோறு வடித்தார். ஐந்து வாரம் எங்கள் வீட்டில் விசில் சத்தம் இல்லை. காலிங் பெல்லுக்குள் பஞ்சு வைத்து அடைத்தார். ஜன்னலில் பழைய போர்வையைத் தொங்கவிட்டார். பொதுவாகவே அவர் மெல்லப் பேசுகிற மனிதர். அந்த ஐந்து வாரமும் அவர் பேசியதில் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

கடையில் வேறு கூத்து. மிஷின்காரர் கல்லாவில் நின்றார். வந்தவர்கள் "வழக்கமானது" என்றார்கள். வழக்கமானது என்றால் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. இருபது, இருபத்தைந்து வருஷமாகக் குடிக்கிற காப்பியில் என்ன கலந்திருக்கிறது என்று அந்த வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. "அவங்களுக்குத்தான் தெரியும்" என்று என்னைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது உறைக்கவில்லை.

என் கொழுந்தன் சான்பாடாவில் இருக்கிறான். கடையில் அவனுக்கும் பங்கு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, நாற்காலியை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, கூடிய மட்டும் மெதுவாகச் சொன்னான்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. தீபாவளி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒங்களுக்குச் சரியாவலைன்னா மூணே மூணு ரகம் பாக்கெட் போட்டு அடுக்கிருவோம். ஒண்ணு, ரெண்டு, மூணு. யாரு வேணும்னாலும் எடுத்துக் குடுக்கலாம். நீங்க வீட்ல நிம்மதியா இருங்க."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் நிம்மதியாக இருங்கள் என்று ஒருவர் சொல்லி நான் அவ்வளவு பயந்ததில்லை. அந்தக் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறவளாகத்தான் என்னை எனக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் யார் என்று யோசிக்கக்கூட அப்போது தலையில் தெம்பில்லை.

சயானில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார் என் வீட்டுக்காரர். தலையில் அடிபட்டவர்களுக்கு ஞாபகமும் கவனமும் எப்படி இருக்கிறது என்று சோதித்துச் சொல்கிறவர். மராத்திக்காரப் பெண், சின்ன வயது. காலை ஒன்பதரைக்கு நேரம் கொடுத்திருந்தார். ஐந்து வார்த்தை சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடைக்காரியிடம் போய்க் கழித்தல் கணக்குக் கேட்கிறாரே என்று சிரிப்பு வந்தது. அறுபத்தைந்து வந்ததும் "போதும்" என்றார். நான் விடாமல் இரண்டு வரைக்கும் இறங்கிப் போய்த்தான் நின்றேன்.

"சீக்கிரம் களைத்துப் போகிறீர்களா?" என்று இந்தியில் கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"மத்தியானத்துக்கு மேலே..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் நிறுத்திக்கொண்டார். சோதனையில் எல்லாம் சரி, மெல்ல வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைக் கொழுந்தனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கடை திறந்தேன். மெல்லவாவது ஒன்றாவது. முதல் நாள் வந்த கூட்டத்தைப் பார்த்தால் யாரோ அரசியல்வாதி வந்திருக்கிறார் என்று நினைக்கலாம். ஒரு மாமி மல்லிகைச் சரம் கொண்டுவந்து என் தலையில் வைக்கப் போய், அடிபட்ட இடம் எது என்று தெரியாமல் கையிலேயே கட்டிவிட்டார். பக்கத்துக் கட்டடத்து இரண்டாம் மாடியில் குடியிருக்கும், பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ரிடையரான டீச்சர் ஒருவர், எழுபது வயது, "அரைக் கிலோ" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கலந்தேன், மிஷின்காரர் அரைத்தார். பாக்கெட்டை மூக்கருகே வைத்துப் பார்த்து, "அப்பாடா" என்றார். எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

மூன்று வாரம் ஓடியது. ஒரு புகார் இல்லை. காலையில் கூட்டம் அள்ளியது, மத்தியானம் கடை காலியாகக் கிடந்தது. வெயில் என்று நினைத்தேன். புரட்டாசி என்று நினைத்தேன். எனக்கும் அது வசதியாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மேல் மிஷின் சத்தம் தலைக்குள் ஓடுகிற மாதிரி இருக்கும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் பேசினால் இருவர் சொல்வதும் புரியாது. ஒன்றரைக்கு வீட்டுக்குப் போய், சாப்பிட்டும் சாப்பிடாமலும் விழுந்து, கல் மாதிரித் தூங்குவேன். நாலரைக்கு எழுந்து வருவேன்.

"ஏளா, இன்னொரு தரம் டாக்டரைப் பாத்துருவமா?" என்றார் வீட்டுக்காரர்.

"என்னத்துக்கு? ஒரு கஸ்டமர் வாயத் தொறந்து ஒரு குத்தம் சொன்னாங்களா? சொல்லுங்க பாப்போம்."

"சொல்லலை."

"பொறவு என்ன?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

நவராத்திரி வந்தது. எங்கள் பக்கத்துக் கட்டடங்களில் கொலு வைக்கிற வீடுகள் நிறைய. வருஷா வருஷம் எல்லாரும் என்னை மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொள்ளச் சொல்லி அழைப்பார்கள். கொலுவுக்குப் போனால் சுண்டல் உண்டு, வெற்றிலை பாக்கு உண்டு. எனக்கு மட்டும் எல்லா வீட்டிலும் காப்பி கட்டாயம் உண்டு. காப்பிக் கடைக்காரிக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்ப எந்த மாமிக்கும் மனசு வராது. அந்த வருஷம் மூன்று வீட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சாயந்திரம் தூங்கி எழுந்து, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் வீட்டில் ஒரு பொட்டு சிக்கரி சேர்க்கக் கூடாது. அந்த வீட்டு மாமாவின் சட்டம் அது. அங்கே கொடுத்த காப்பியை வாயில் வைத்தால் சிக்கரி தூக்கலாக இருந்தது. நாக்கு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். தலையில் அடிபட்டால் ருசியும் வாசனையும் போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என் தொழிலுக்கு நாக்குப் போனால் எல்லாம் போன மாதிரி. மாமா ஊஞ்சலில் உட்கார்ந்து அதே காப்பியை ஒன்றும் சொல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வீட்டு மருமகள் வேலைக்குப் போகிற பெண், காலை ஒன்பது மணிக்கு ஸ்டேஷனுக்கு ஓடுகிற வழியில் பொடி வாங்கிப் போவாள். அங்கே காப்பி இம்மி பிசகாமல் அவர்கள் வீட்டுக் காப்பியாக இருந்தது. அப்படியானால் நாக்கு நன்றாக இருக்கிறது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். நாக்கு நன்றாக இருந்தால் முதல் வீட்டில் கெட்டது எது?

மூன்றாவது வீடு கணக்கு டீச்சர் வீடு. ஒரு வாய் குடித்தேன். மூன்றாவது தெருவில் ஒரு வக்கீல் வீடு இருக்கிறது. கறுகறுவென்று வறுத்து, சிக்கரியும் தாராளமாகச் சேர்த்து வாங்குவார்கள். என் கையில் இருந்தது வக்கீல் வீட்டுக் காப்பி.

"டீச்சர், இந்தப் பொடி எங்க வாங்குனது?"

"உன் கடையிலதான். வேற எங்க வாங்குவேன்?"

"இது உங்க வீட்டுக் காப்பி இல்ல."

டீச்சர் கொலுப்படியில் சரியாக இருந்த ஒரு பொம்மையை நகர்த்தி வைத்தார். பிறகு, "அன்னிக்கு நான் மத்தியானம் ஒரு மணிக்கு வந்தேன். என் தப்பு. பதினோரு மணிக்குள்ள வந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

"பதினோரு மணிக்குள்ளன்னா?"

சொல்லியிருக்கக் கூடாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அவர் பார்வை மேஜையில் இருந்த மொபைலுக்குப் போனது. கையை நீட்டினேன். டீச்சரால் பொய் சொல்ல முடியாது. மொபைலை எடுத்துக் கொடுத்தார். கட்டடத்துப் பெண்களின் வாட்ஸ்அப் குரூப். மருமகள்களுக்குத் தமிழ் படிக்க வராது என்று எல்லாரும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிக்கிற குரூப். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"காப்பிப் பொடி வாங்கறவா பதினோரு மணிக்குள்ள போயிடுங்கோ. அப்புறம் பாவம் அவளுக்கு அசந்துபோறது. மாத்திக் குடுத்தாலும் ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்."

அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள், தேதியும் மணியுமாக. "பத்தே முக்காலுக்குப் போனேன், கரெக்டா இருந்தது." "பன்னண்டரை. யாராத்துக் காப்பியோ வந்திருக்கு. நன்னாத்தான் இருக்கு." "அஞ்சு மணிக்குப் போனேன். தூங்கி எழுந்து வந்திருந்தா. சரியா குடுத்தா." மூன்று வாரத்துக்கும் இருந்தது.

எனக்கு அப்போது வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. மத்தியானங்களில் என் தலையில் முகம் வந்தது, கலவையும் வந்தது, சந்தேகமே இல்லாமல் வந்தது. அது வேறு ஒருவருடைய கலவை என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியாதது மாட்டுங்கா முழுக்கத் தெரிந்திருக்கிறது.

"ஒரு வார்த்த என்ட்ட சொல்லத் தோணலையா ஒங்களுக்கு? என்னைக் கிறுக்கின்னு முடிவே பண்ணிட்டீங்களா எல்லாரும் சேந்து?" கொலுவுக்கு வந்திருந்த மற்றப் பெண்கள் சுண்டலைக் கையில் வைத்தபடி உறைந்து போனார்கள். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். நவராத்திரியில் வெற்றிலை பாக்கு வாங்காமல் ஒரு வீட்டைவிட்டுப் போவது அந்த வீட்டைத் திட்டுவதைவிட மோசம். தெரிந்துதான் செய்தேன்.

லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினேன். பின்னாலேயே டீச்சர் இறங்கி வந்தார். ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொரு காலில் வேறு யாருடையதோ. கையில் தட்டு. கீழே வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்க, மூச்சு வாங்க, என் நெற்றியில் குங்குமத்தை அப்பினார்.

"சொன்னா நீ கடைக்கு வராம இருந்துடுவியோன்னு பயமா இருந்ததுடி" என்றார். "காப்பி என்ன பெரிய காப்பி. வெந்நீர்ல கரைச்சுக் குடுத்தாலும் குடிச்சிண்டிருப்போம்."

வெற்றிலையை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஒங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"நீங்களும் அந்தக் குரூப்புல இருக்கீங்களா?"

"அது பொம்பளைங்க குரூப்பு. நான் தனியாத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். போன ஞாயித்துக்கெழம மத்தியானம் சாம்பாருக்கு ரெண்டு தரம் உப்புப் போட்ட."

"சாப்பிட்டீங்களே!"

"சாப்பிட்டேன்."

"எதுக்கு?"

"நீ எதிர்க்க உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தல்லா."

அந்த மனிதரை என்ன செய்வது? அவர் தோளில் இரண்டு அடி அடித்துவிட்டு அங்கேயே சாய்ந்து அழுதேன். புடவையெல்லாம் கசங்கியது. அடிபட்ட நாளிலிருந்து நான் பயந்துகொண்டிருந்தேன் என்பதை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். கடை போய்விடும், தலை திரும்ப வராது, மூன்று ரகப் பாக்கெட்டுக்கு நடுவில் நான் வேண்டாத சாமானாகிவிடுவேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார்.

மறுவாரம் டாக்டரிடம் போனபோது டீச்சரும் கூட வந்தார். மொபைலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்து இந்தியில் சொன்னார். காகிதத்தில் கட்டம் போட்டு, எத்தனை மணிக்குச் சரி, எத்தனை மணிக்குத் தப்பு என்று கணக்கு டீச்சர் கையெழுத்தில் குறித்தும் வைத்திருந்தார். டாக்டர் அதை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"என் சோதனை அரை மணி நேரம்தான். அதுவும் காலையில்" என்றார். "இவர்கள் மூன்று வாரம் சோதித்திருக்கிறார்கள்." பிறகு என் பக்கம் திரும்பி, "களைப்பு இருக்கிறதா என்று கேட்டேனே, இல்லை என்றீர்களே?" என்றார்.

என் வீட்டுக்காரர் தன் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அன்றைக்கு டாக்டர் சோதனையை வேறு மாதிரி வைத்தார். வந்தவுடன் ஒரு தரம். பிறகு வெளியே, ஆட்கள் பேசிக்கொண்டும் டிவி ஓடிக்கொண்டும் இருக்கிற இடத்தில் உட்கார வைத்து, ஒரு கட்டுத் தாளைக் கொடுத்துப் பிரித்து அடுக்கச் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் அதே சோதனை. நூறிலிருந்து ஏழு. தொண்ணூற்று மூன்று என்றேன். எண்பத்தாறு என்றேன். அதற்கு மேல் எண்பத்தாறு இருந்தது, ஏழும் இருந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பது போய்விட்டது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார், ஒரு மாணவிக்குக்கூட விடை சொல்லிக் கொடுக்காதவர்.

"உங்களுக்குத் தெரிந்தது எதுவும் போகவில்லை" என்றார் டாக்டர். "மூளை தொடர்ந்து வேலை செய்கிற தெம்புதான் குறைந்திருக்கிறது."

ஃபில்டரில் முதல் டிகாஷன் கெட்டியாக இறங்கும், அதற்கு மேல் வெந்நீர் ஊற்ற ஊற்ற நிறம் மட்டும்தான் வரும், நீங்கள் என் முதல் டிகாஷனை மட்டும் பார்த்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டீர்கள் என்றேன். அவர் டீ குடிக்கிறவர், ஆனால் புரிந்துகொண்டார். முக்கால் மணி வேலை, கால் மணி ஓய்வு என்றார். களைத்த பிறகு படுப்பதில் பிரயோஜனம் இல்லை, களைப்பதற்கு முன்னால் படுக்க வேண்டும் என்றார். வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டலாம். தீபாவளிக்குள் ஆகுமா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது என்றார். பொய் சொல்லாததற்காக அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

கொழுந்தனை நானே வரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சரின் கட்டம் போட்ட காகிதத்தையும் காட்டினேன். "எல்லார் கலவையையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருவேன். பதினொண்ணு வரைக்கும் என் தலை. அதுக்கு மேல நோட்டு" என்றேன். அவன் மூன்று ரகத்தைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த நாள் ஒரு மடக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்னறையில் கொட்டை மூட்டைகளுக்கு நடுவில் அதைப் போட்டான்.

நோட்டு எழுதியது எனக்குச் சுலபமாக இல்லை. தினமும் கடை திறந்ததும், தலை தெளிவாக இருக்கிற முதல் அரை மணியில், பத்து வீடு எழுதினேன். முழங்கால் வலி மாமி, வக்கீல் வீடு, ஊஞ்சல் மாமா, ஒன்பது மணி மருமகள் என்று எனக்குத் தெரிந்த அடையாளத்தில் எழுதினேன். ஒவ்வொரு வீடாகத் தலையிலிருந்து தாளுக்கு இறங்க இறங்க, இனிமேல் நான் எதற்கு என்று இருக்கும். ஒரு மத்தியானம் கட்டிலில் படுத்தபடி, மிஷின்காரர் நோட்டை வாய்விட்டுப் படித்து யாருக்கோ சரியாகக் கலந்து வைப்பதைக் கேட்டேன். கடை நான் இல்லாமலும் நடந்தது. மனசு வலிக்கத்தான் செய்தது.

நான் படுக்கிற கால் மணியும் மிஷினை நிறுத்திவிடுவார்கள். வந்த பெண்கள் வெளியே காத்திருப்பார்கள். மாட்டுங்கா மாமிகள் கிசுகிசுவென்று பேசி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். யாராவது குரலை உயர்த்தினால் நாலு பேர் உஷ் என்பார்கள். அந்த உஷ்தான் எனக்கு முதலில் கேட்கும்.

பதினொரு மணிக்கு மேல் நானும் மிஷின்காரரும் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். ஆள் வந்தால் நான் கலவையை வாயால் சொல்வேன். அவர் கண் நோட்டில் இருக்கும். தப்பாகச் சொன்னால் இருமுவார். முதல் வாரம் பார்த்தவர்கள் அவருக்குக் காசநோய் என்று நினைத்திருப்பார்கள். தீபாவளிக்குப் பதினொன்றரை வரைக்கும் இருமல் இல்லை. பொங்கலுக்குப் பன்னிரண்டரை. சில நாள் பின்னாலும் போகும். முதல் நாள் சரியாகத் தூங்கவில்லை என்றால் பத்தரைக்கே இருமல் ஆரம்பித்துவிடும். அந்த நாட்களில் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுவேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் மிஷின்காரர் பல் பிடுங்கப் போயிருந்தார். மத்தியானம் ஒன்றேகாலுக்கு டீச்சர் வந்து அரைக் கிலோ கேட்டார். நோட்டு மேஜை டிராயரில் இருந்தது. எடுக்கக் கை போனது. என்னவோ ஒரு வீம்பு, எடுக்கவில்லை. நானே கலந்து நானே அரைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பதினொன்று இருக்கும். கடையில் ஏழெட்டுப் பேர். டீச்சர் வந்து பாக்கெட்டைக் கல்லாவில் டொப்பென்று வைத்தார்.

"என்ன பொடி இது? எங்காத்துக் காப்பியே இல்லை. வாயில வைக்க வழங்கலை!"

எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்கள். ஒரு மாமி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தார். ஒன்றேகால் மணி. இருமல் இல்லை. வீம்பு. ஆறு மாதம் திரும்பவும் முதலிலிருந்தா? பாக்கெட்டைப் பிரித்தேன். முகர்ந்தேன். இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஒரு சிட்டிகை நாக்கில் வைத்தேன். நோட்டைப் பிரித்து டீச்சர் வீட்டுப் பக்கத்தையும் பார்த்தேன். பிறகு இன்னொரு சிட்டிகை வைத்தேன்.

"டீச்சர், பொடியில தப்பில்ல. பாலை மாத்துனீங்களா?"

டீச்சர் குரலைத் தணித்தார்.

"கொழுப்பில்லாத பால் குடிக்கச் சொல்லியிருக்கார் டாக்டர்" என்றார். "இன்னிக்குக் காலம்பறதான் மாத்தினேன்."

கடையே சிரித்தது. பல் பிடுங்கின இடத்தில் பஞ்சு வைத்திருந்த மிஷின்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அடிபட்ட பிறகு என்னிடம் யாரும் கத்தியதே இல்லை என்பது அப்போதுதான் தட்டுப்பட்டது.

"டீச்சர்," என்றேன். "குரூப்புல போடாம நேர எங்கிட்டயே வந்து கேட்டுட்டீங்களே."

"பின்னே? இனிமே உனக்கு என்ன வந்தது?" என்றார். "தப்புன்னா கத்தத்தான் கத்துவேன்." கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மணி பதினொன்றேகால் ஆகியிருந்தது. மிஷின்காரர் மிஷினை நிறுத்தினார். பின்னறைக்குப் போய்க் கட்டிலில் படுத்தேன். வெளியே பால் எந்த டெய்ரியில் நன்றாக இருக்கிறது என்று டீச்சரும் மற்றவர்களும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள், தெரு முனை வரைக்கும் கேட்கிற சத்தத்தில். உஷ் என்று யாரும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்திலேயே நான் தூங்கிப்போனேன்.